வெள்ளிக்கிழமை எழுதிய சனிக்கிழமைக் கூட்டம்

சனிக்கிழமை நடக்க வேண்டிய ஆசிரியர் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே நடவடிக்கைக் குறிப்பு எழுதி முடித்துவிடுகிற ஒரு தலைமையாசிரியர் ஓசூர் பக்கம் இருந்தார். யார் எதை முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், மாதிரிப் பாடத்தில் யார் என்ன குறை சொன்னார், கடைசியில் நன்றி கூறியது யார் என்று எல்லாம் அதில் இருக்கும். மறுநாள் ஆசிரியர்கள் வந்து அடியில் கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தலைமையாசிரியர் நான்தான்.

போன மாதம் இரண்டு இளம் ஆசிரியர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவர்கள், கையில் ஒரு கையேடு. அதில் ‘பகிர்ந்த தலைமை’ என்று ஒரு பாடம். ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்காமல், பல பள்ளிகளின் ஆசிரியர்கள் பொறுப்பை முறை வைத்து எடுத்துக்கொள்வது பற்றி. “உங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சுங்களா சார்?” என்று கேட்டார்கள். “இருந்துச்சு, இருந்துச்சு” என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர்கள் வாசல் தாண்டியதும் என் மனைவி கேட்டாள்: “மெஹருன்னிசா டீச்சர் விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே? வெக்கமா?”

வெட்கம்தான். அதனால்தான் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாரூர் பக்கம். அப்பா ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைத்தவர். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, அறுபதுகளின் நடுவில் பேரிகைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் போட்டார்கள். குழந்தைகளுக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ். முதல் பத்து மாதம் நான் பாடம் நடத்தியதைவிடப் பாடம் கேட்டதுதான் அதிகம். பிறகு மூன்று ஊர் மாறி, கொஞ்சம் கன்னடமும் சேர்ந்து, எண்பதுகளின் நடுவில் ஓசூருக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தப் பள்ளி இப்போதும் நன்றாக நடக்கிறது.

தலைமையாசிரியர் பதவியோடு இன்னொரு பொறுப்பும் என் தலையில் விழுந்தது. எங்கள் பள்ளியையும் சுற்றியிருந்த பத்துத் தொடக்கப் பள்ளிகளையும் சேர்த்து ஒரு மையம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதினோரு பள்ளி ஆசிரியர்களும் எங்கள் பள்ளியில் கூட வேண்டும். கடவுள் வாழ்த்து, ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவது, மற்றவர்கள் நிறைகுறை சொல்வது, சுற்றறிக்கை வாசிப்பு, டீ, தீர்மானம், நன்றியுரை. இதுதான் வரிசை. நான் மையச் செயலாளர்.

அந்த வேலையை நான் உயிரைக் கொடுத்துச் செய்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னையும் சேர்த்து இருபத்தேழு பேர், பெரும்பாலும் பஸ் பிடித்து வருகிறவர்கள். சிலர் தேன்கனிக்கோட்டையிலிருந்து, சிலர் கிருஷ்ணகிரியிலிருந்து. கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் யாருக்கு லாபம்? அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி விட்டதும் உட்கார்ந்து, நடக்க வேண்டியதையெல்லாம் நடந்துவிட்டதாகத் தீர்மான நோட்டில் அழகாக எழுதிவிடுவேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மறுநாள் ஆசிரியர்கள் வந்ததும் நோட்டைப் புரட்டிப் பார்த்து, “இந்த மாசம் நான் வழிமொழியறேனுங்களா சார்?” என்று கேட்டுக்கொள்வார்கள். “ஆமா, ரெண்டாவது தீர்மானம்” என்பேன். மாதிரிப் பாடம் நடத்தப் போகிறவர்கூட, தன் பாடத்தில் என்ன குறை இருந்தது என்று முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொள்வார். பன்னிரண்டரைக்கெல்லாம் கூட்டம் முடிந்துவிடும். எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்போதுதான் தங்கபுஷ்பம் அம்மா எங்களுக்கு உதவிக் கல்வி அலுவலராக வந்தார். திருநெல்வேலிக்காரர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, பையில் எப்போதும் சீவிய பென்சில் இரண்டு.

அந்தப் பென்சிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முன் வந்த அதிகாரிகள் பள்ளி ஆய்வுக்கு வந்தால் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, பார்வைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, நாங்கள் வியர்த்துக்கொண்டு நிற்க, மையால் விறுவிறுவென்று எழுதிவிட்டு ஜீப் ஏறிவிடுவார்கள். இந்த அம்மா நாற்காலிப் பக்கமே போகமாட்டார். குழந்தைகள் பலகையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கக் கேட்பார். பிறகு பதிவேட்டில் பென்சிலால் எழுதுவார். எழுதியதை அந்த வகுப்பு ஆசிரியரிடமே நீட்டி, “படிச்சுப் பாருங்க. நான் சொன்னதுல தப்பிருந்தா சொல்லுங்க, அழிச்சிருதேன்” என்பார். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது மாதம், ஒரு பள்ளியில் ஒரு டீச்சர் மெதுவாக, “குழந்தைங்க பதில் சொல்லலைன்னு எழுதியிருக்கீங்கம்மா. அதுங்க தெலுங்குல சொல்லுச்சுங்க” என்றாராம். அம்மா உடனே ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்து, திருத்தி, அப்புறம்தான் மையால் எழுதினாராம். இந்தச் செய்தி பதினோரு பள்ளிக்கும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் மையக் கூட்டத்துக்கு முதல் தடவை வந்தபோது கடைசி வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து, “இன்னைக்கு வாயே திறக்காதவங்க கை தூக்குங்க” என்றார். இருபது கைகள் எழுந்தன. “ஏன் பேசல?” என்று, தெலுங்கு வீட்டுக்காரரான நாராயணப்பாவைப் பார்த்துக் கேட்டார். அவர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், வெள்ளந்தி மனிதர். எழுந்து நின்று, “இந்த மாசம் எங்க பேரு வரலீங்க மேடம்” என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கே அம்மா ஒரு புது முறை கொண்டுவந்தார். ஒரு சாக்பீஸ் டப்பாவில் இருபத்தேழு பேர் பெயரையும் சீட்டெழுதிப் போட வேண்டும். எந்தச் சீட்டு வருகிறதோ, அடுத்த மாதக் கூட்டத்தை நடத்துவது அவர். தலைமையாசிரியரோ நேற்று வந்த ஆசிரியரோ, யாராக இருந்தாலும் சரி. கூட்டத்தில் என்ன பேசுவது என்பதையும், அந்த மாதம் பதினோரு பள்ளிக்கும் சேர்த்து என்ன செய்வது என்பதையும் அவர் முன்னால் நின்று நடத்துவார். இதற்கு நாங்கள் ‘முறை’ என்று பெயர் வைத்துக்கொண்டோம். என்னைக் கேட்டார்: “உங்களுக்குச் சம்மதம்தானே சார்?” “ரொம்ப நல்ல ஏற்பாடும்மா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். முறை யாருக்கு வந்தாலும், அவர் என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். நோட்டையும் வழக்கம்போல வெள்ளிக்கிழமையே எழுதிவிடுவேன். ஏழெட்டு மாதம் இப்படியே போயிற்று.

அப்புறம் மெஹருன்னிசா பெயர் வந்தது.

மெஹருன்னிசா நெடுஞ்சாலைப் பக்கம், ஜூஜுவாடிக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தார். அங்கே தலைமையாசிரியர் இடம் காலி. அதனால் அவரே பொறுப்பு. கிருஷ்ணகிரியில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். அந்த வீட்டில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள். கூட்டத்தில் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருவார். நான் உள்ளே வந்தால் முதலில் எழுந்து நிற்பதும் அவர்தான்.

அவருடைய பள்ளியைச் சுற்றிப் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. கட்ட வந்த தொழிலாளர்கள் தர்மபுரி, விழுப்புரம், குப்பம் என்று பல பக்கத்து ஆட்கள். தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு இருப்பார்கள். நாலு மாதம் ஒரு இடம், பிறகு வேறு இடம். எங்கள் பதினோரு பள்ளிகளின் எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். குழந்தைகளை ஒரு பள்ளியில் சேர்த்திருப்பார்கள். அடுத்த இடத்துக்குப் போனதும் புதுப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்போம். அதை வாங்கப் பழைய பள்ளிக்கு ஒரு நாள் போனால் அன்றைய கூலி போச்சு. போன அன்று தலைமையாசிரியர் இல்லையென்றால் இன்னொரு நாளும் போச்சு. அதனால் போகமாட்டார்கள். குழந்தை கொட்டகையில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

“ஜன்னலுக்கு வெளிய நின்னு எங்க பிள்ளைங்களோட சேந்து வாய்ப்பாடு சொல்லுதுங்க சார்,” என்று மெஹருன்னிசா ஒருமுறை என்னிடம் சொன்னார். “உள்ள கூப்பிட்டா, பேர் எழுதுவீங்களான்னு கேக்குதுங்க. என்னா சொல்றதுன்னு தெரியல.”

“விதி இருக்குதே டீச்சர்” என்றேன்.

அவருடைய முறை வந்த மாதம் எங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதுவரை ஒரு கூட்டத்துக்குக்கூட நான் வராமல் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமையே வழக்கம்போல நோட்டை எழுதி முடித்து, நாராயணப்பா கையில் கொடுத்துவிட்டுப் பாரூருக்கு பஸ் ஏறினேன். அந்த மாதத் தீர்மானம், எல்லாப் பள்ளியிலும் மரக்கன்று நடுவது. மெஹருன்னிசா முன்மொழிந்து, நாராயணப்பா வழிமொழிந்தது.

நான் இல்லாத அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதைத் திங்கட்கிழமை மெஹருன்னிசாவே வந்து சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் எடுக்கவே இல்லை. எழுந்து நின்று, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். நம் பதினோரு பள்ளிக்குள் ஒரு குழந்தை இடம் மாறினால், பெற்றோரை அலைய விட வேண்டாம். புதுப் பள்ளி ஒரு துண்டுச் சீட்டில் பெயரையும் வகுப்பையும் எழுதி அனுப்பிவிட்டு, அன்றைக்கே குழந்தையைச் சேர்த்துக்கொள்ளட்டும். பழைய பள்ளி சீட்டைப் பார்த்ததும் பெயரை நீக்கிவிட்டு, அடுத்த கூட்டத்தில் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடட்டும். இவ்வளவுதான். ஒரு மணி நேரம் விவாதம் நடந்ததாம். பேசாதவர்கள் எல்லாம் பேசினார்களாம். ஒன்றரை மணிக்கு எல்லாரும் கை தூக்கி ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நோட்டை எடுத்து, வழக்கம்போல, படிக்காமல், மரக்கன்றுத் தீர்மானத்துக்கு அடியில் இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

“நோட்டுல நீங்க ஒரு வரி சேத்துட்டீங்கன்னா போதும் சார்” என்றார் மெஹருன்னிசா.

“அடுத்த மாசம் எழுதிக்கலாம் டீச்சர்” என்றேன்.

அடுத்த மாதம் எழுதவில்லை. அதற்கடுத்த மாதமும் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. நான் இல்லாதபோது ஒரு முடிவு எடுத்திருக்கிறார்களே, அதுவும் நான் ஒரு வருடம் யோசித்தாலும் எனக்குத் தோன்றியிருக்காத நல்ல முடிவை எடுத்திருக்கிறார்களே என்று எனக்கு உறுத்தியது. இதற்குப் பெயர் பொறாமை. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மெஹருன்னிசா அதற்குள் பதினான்கு குழந்தைகளைச் சேர்த்துவிட்டார். சீட்டு எழுதி அனுப்பினார். சில பள்ளிகள் பெயரை நீக்கின. நாராயணப்பா பள்ளியில் ஆறு பேர் பெயர் நீங்காமல் வருகைப் பதிவேட்டில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் மேலிடத்திலிருந்து சத்துணவு ஆய்வுக்கு வந்தவர்கள், ஒரே குழந்தையின் பெயர் இரண்டு பள்ளியில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாராயணப்பாவைக் கேட்டபோது அவர், “நோட்டுல இல்லாததை நான் எப்பிடிங்க செய்யறது?” என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, பயந்துவிட்டார்.

மெஹருன்னிசாவுக்குக் குறிப்பாணை வந்தது. மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்த்தது ஒன்று, பொய்ச் சேர்க்கை இரண்டு. மையக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று அவர் வாய்மொழியாகச் சொன்னார். நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் முன்மொழிந்ததாக என் அச்சுக் கையெழுத்தில் மரக்கன்றுதான் இருந்தது, அடியில் அவர் கையெழுத்தே இருந்தது. அதனால் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: தவறான தகவல் தந்தது. பதினைந்து நாளில் எழுத்து மூலம் விளக்கம் தராவிட்டால் தற்காலிகப் பணிநீக்கம்.

மற்ற ஆசிரியர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால், பேசாத தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டோம் என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே அப்படித்தான் இருந்தேன். அந்த வருடம் உதவிக் கல்வி அலுவலர் பதவி உயர்வுக்கான பட்டியலில் என் பெயர் இருந்தது.

நாலாம் நாள் மெஹருன்னிசா என் பள்ளிக்கு வந்தார். அழவில்லை. “அத்தா வேலைய விட்டுட்டு வந்துருன்னு சொல்றாருங்க சார். பொய்க்காரின்னு எழுதினவங்க கிட்ட எதுக்கு வேலைன்னு கேக்கறாரு. எனக்கும் சரின்னுதான் படுது” என்றார். பிறகு, “டப்பாவுல இருந்து என் சீட்டை எடுத்துருங்க சார். எனக்கு இனி முறை வேணாம்” என்றார்.

அவர் போன பிறகு ஐந்தாம் வகுப்பில் போய் நின்றேன். என்ன பாடம் நடத்தினேன் என்று தெரியாது.

மறுநாள் தங்கபுஷ்பம் அம்மா வந்தார். கையில் அந்தத் தீர்மான நோட்டு. என் அறைக்குள் வந்து, எனக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தார்.

“அன்னைக்கு மரக்கன்னு பத்தி ஒருத்தரும் பேசலையாமே சார்?”

“இல்லம்மா.”

“பின்ன இதை எப்போ எழுதுனிய?”

“வெள்ளிக்கிழமை.”

அவர் முந்தின பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றாக. “இது?” “வெள்ளிக்கிழமைதாம்மா.” “இது?” “அதுவும்.” நாலு வருடக் குறிப்புகளையும் அப்படிக் கேட்டார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் பையிலிருந்து பென்சிலை எடுத்தவர், எதுவும் எழுதாமல் அதைத் திரும்பவும் உள்ளே வைத்தார். “பட்டியல்ல உங்க பேரு இருக்கு. நீங்க இதை எழுதிக் கொடுத்தா அந்தப் பேரு போயிரும். எழுதுங்கன்னு நான் சொல்லமாட்டேன் சார். சொன்னா அதுவும் நான் முந்தின நாளே எழுதி வச்ச மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் எழுதினேன். நடந்ததை வரிசையாக, அந்தக் கூட்டத்தின் முடிவு மெஹருன்னிசா சொன்னதுதான் என்றும், அதை நோட்டில் பதியாதது என் தவறு என்றும். பதவி உயர்வை நினைத்து ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டேன்: ‘மறதியால்’. மறதிக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள்.

அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போனேன். பழையபேட்டையில் அவர்கள் வீடு. அவருடைய அத்தா வாசலுக்கே வந்து, “வாங்க வாத்தியாரே, வெயில்ல வந்திருக்கீங்க” என்று உள்ளே கூப்பிட்டு நன்னாரி சர்பத் கொடுக்கச் சொன்னார். கோபமாக இருப்பார் என்று தயாராகப் போனவன், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“பாய், உங்க பொண்ணு பொய் சொல்லல. தப்பு என்னோடது. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து, “எனக்குத் தெரியாதா வாத்தியாரே எம் பொண்ணைப் பத்தி? ஊருக்குத் தெரியணுமில்ல?” என்றார்.

மெஹருன்னிசா தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். படித்து முடித்தும் கொடுக்கவில்லை. ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“மறதியா சார்?”

அவ்வளவுதான் கேட்டார். குரலில் கோபமில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை விடையைத் தப்பாகப் போட்டால் கேட்போமே, அந்த மாதிரி. என் முகம் என்ன ஆயிற்றோ தெரியாது. அவருடைய அத்தா உள்ளே எழுந்து போய்விட்டார்.

“இல்ல டீச்சர்” என்றேன். “என்னைக் கேக்காம முடிவு பண்ணீங்களேன்னு இருந்துச்சு.”

அவர் அலமாரியிலிருந்து ஒரு பேனா எடுத்துக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து அந்த வார்த்தையை அடித்தேன். ‘நான் இல்லாத கூட்டத்தின் முடிவை ஏற்க மனமில்லாமல் வேண்டுமென்றே பதியாமல் விட்டேன்’ என்று எழுதினேன். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் தன் சக ஆசிரியையின் வீட்டில் உட்கார்ந்து அழுவது நன்றாக இருக்காது. நன்றாக இல்லாமல்தான் இருந்தது.

திங்கட்கிழமை நாராயணப்பா வந்தார். விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு, “ஒக்க நிமிஷம் சார். நீங்க மட்டும் எழுதினா எப்பிடி? படிக்காம கையெழுத்துப் போட்டது நாங்கதானே? இதுல என் தப்பு தனியா வேற இருக்குது” என்றார். கடிதத்தின் நகல் ஒன்றைப் பென்சிலால் எழுதி, தங்கள் பங்கையும் அதில் சேர்த்து எடுத்துக்கொண்டு, சைக்கிளில் பதினோரு பள்ளிக்கும் போனார். நாலு நாள் போனார். வயது ஐம்பத்தி நாலு, முழங்கால் வலிக்காரர்.

வெள்ளிக்கிழமை அந்த நகல் திரும்பி வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அத்தனை அடித்தல், அத்தனை திருத்தம். முதல் வகுப்பு டீச்சர் ஒருவர், ‘அவசரத்தில் கையெழுத்திட்டோம்’ என்ற இடத்தை அழித்துவிட்டு, ‘வழக்கமாகவே படிக்காமல் கையெழுத்திடுவோம்’ என்று மாற்றியிருந்தார். இன்னொருவர் அந்தப் பதினான்கு குழந்தைகளின் பெயரையும் வரிசையாகச் சேர்க்கச் சொல்லியிருந்தார், எண்ணிக்கையாக இருந்தால் அதிகாரிகள் மறந்துவிடுவார்கள் என்று. என் தமிழில் இரண்டு இடத்தில் பிழை திருத்தியிருந்தார்கள். அதை மையால் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை ஒவ்வொருவரும் படித்துவிட்டுப் போட்டார்கள் என்று நாராயணப்பா சத்தியம் செய்தார். “நிக்க வச்சுப் படிக்க விட்டேன் சார்!”

விளக்கம் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தது. தங்கபுஷ்பம் அம்மா தன் பங்குக்கு, முறை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது தானே என்று தனியாக ஒரு கடிதம் இணைத்திருந்தார். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ஒன்றரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. மெஹருன்னிசா மீதிருந்த மூன்று குற்றச்சாட்டும் கைவிடப்பட்டன. எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு ஒரு வரி. எங்களுக்கெல்லாம் எழுத்து மூலம் எச்சரிக்கை. எனக்கு மட்டும் கண்டனம், அதோடு பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். ஓய்வு பெறும் வரைக்கும் நான் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்தான். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு வருடம் வருத்தம் இருந்தது. பிறகு போய்விட்டது. அந்தப் பதினான்கு பேருக்கும் சான்றிதழ்களைப் பழைய பள்ளிகள் கொடுத்துவிட்டன. துண்டுச் சீட்டு முறையைத் தொடரலாம், ஆனால் பெயர் நீக்கிய பிறகே சேர்க்க வேண்டும் என்று அம்மா மேலிடத்தில் பேசி வாங்கிவிட்டார். சீட்டை யார் கையில் கொடுத்தனுப்புவது என்று கேட்க, முழங்கால் வலியோடு நாராயணப்பாதான் முதலில் கை தூக்கினார்.

உத்தரவுக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தை மெஹருன்னிசாவே நடத்த வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். தன் சீட்டை டப்பாவிலிருந்து எடுக்கச் சொன்னவர் ஆயிற்றே, வருவாரோ மாட்டாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். வந்தார். அவருடைய அத்தா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டாராம்.

அன்று முதல் எல்லா வேலைக்கும் முறை என்று முடிவாகியிருந்தது. குறிப்பு எழுதுவது, பெஞ்சு போடுவது, டீ வாங்குவது, எல்லாம். அதுவரைக்கும் டீ என்றால் புதிதாக வேலைக்கு வந்த டீச்சர்கள்தான் போய் வாங்கி வருவார்கள், அதை யாரும் யாருக்கும் சொன்னதுகூடக் கிடையாது. குறிப்பு எழுத ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியர். டீக்கு என் பெயர்.

பதினொன்றே காலுக்குப் பெரிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக் கடைக்குப் போனேன். அம்மாவையும் சேர்த்து இருபத்தெட்டு டீ. லாரிக்காரர்கள் கூட்டத்தில் முண்டியடித்து நின்று, சர்க்கரை போடச் சொல்லி, சிந்தாமல் நடந்து வருவதற்குள் வியர்த்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், வாசல் வரைக்கும் சத்தம். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கன்னடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாமா கூடாதா என்று நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மெஹருன்னிசா முன்னால் நின்று, “ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தராங்க” என்று கையை அசைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. யாரும் எழுந்து நிற்கவும் இல்லை.

டம்ளர்களில் ஊற்றி ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தேன். மெஹருன்னிசா பேச்சை நிறுத்தாமல் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தது. அப்போதுதான் கொடுத்தது யார் என்று பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். பழைய மெஹருன்னிசா என்றால், அந்த டீயைச் சிரித்தபடி குடித்து முடித்திருப்பார்.

“சக்கரை ரொம்பத் தூக்கலா இருக்குதுங்க சார்,” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “அடுத்த வாட்டி பாத்து வாங்குங்க.”

“சரிங்க டீச்சர்” என்றேன்.

அவர் மறுபடி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் கடைசிப் பெஞ்சில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, என் டீயைக் குடித்தேன். சர்க்கரை உண்மையிலேயே தூக்கல்தான்.